மத்தைத் தொடாமல் போனவள்

வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், பாதிரியாரே ஆனாலும், மத்தை வாங்கி நாலு இழுப்பாவது இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தொடாமல் போனால் அந்த வீட்டு வெண்ணெயும் கூடவே போய்விடும். பக்கத்து வீட்டு நாப்லா அன்று அப்படித்தான் போனாள். கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு வாசலில் நின்றாள், "வேலைக்கு ஆண்டவர் துணை" என்றாள், திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் டெலியா தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்குக் கடைந்தும் பாலாடைப் பீப்பாயில் நுரைதான் மிஞ்சியது. புகுந்த வீட்டில் அவள் கடையும் முதல் வெண்ணெய். சந்தைக்குப் போன மாமியார் சாயங்காலம் வந்ததும் மூடியைத்தான் முதலில் திறப்பாள். பயத்தில் டெலியாவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு நாப்லா கிடைத்தாள்.

"என் வெண்ணெயைத் திருடிட்டுப் போயிட்டா அந்தப் பொம்பள!" கிணற்றடியில் நின்றவர்கள் காதில் விழட்டும் என்றே கத்திக்கொண்டு போனாள்.

"விடாதேடி, நல்லாக் கேளு!" ஒருத்தி ஏத்திவிட்டாள்.

நாப்லாவின் கதவு திறந்தே கிடந்தது. இரண்டு கைகளிலும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

"பீப்பாய் கழுவ வச்ச கொதிதண்ணி கையில கொட்டிடுச்சுடி. என் பாலாடையைக் கடைஞ்சு தருவியான்னு கேக்கத்தான் வந்தேன். நீயே வேர்த்து விறுவிறுத்து நின்னே. புதுப்பொண்ணு, பாவம்னு திரும்பிட்டேன்."

டெலியாவுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. நாப்லாவின் மத்தைப் பிடித்தாள். அடுப்போரம் இருந்த பீப்பாய் இதமாகச் சுட்டது. தன் பாலாடையை ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வாசலிலேயே வைத்திருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. சில்லிட்டுப் போன பாலாடை எப்படித் திரளும்? சீக்கிரமே மத்தில் மஞ்சள் மணிகள் ஒட்டின.

"பாதியை எடுத்துட்டுப் போ. உன் மாமியார் வர்ற நேரம்."

"வேண்டாங்க. நான் உங்களை என்னவெல்லாம்..."

"கேட்டுது. எனக்கு வெந்தது கை. காது இல்ல. எடுத்துக்கோ."

வெண்ணெயை முட்டைக்கோஸ் இலையில் பொதிந்துகொண்டு வெளியே வந்தாள். கிணற்றடியைத் தாண்டாமல் வீட்டுக்கு வழியில்லை.

"கிடைச்சுதாடி உன் வெண்ணெய்?" என்றாள் ஏத்திவிட்டவள்.

டெலியா நின்றாள். இது அவங்களோடது, தப்பு என்மேலதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மேட்டில் மாமியாரின் கழுதைவண்டி தெரிந்தது.

"கிடைச்சுது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

நாப்லாவின் கதவு இன்னும் திறந்துதான் கிடந்தது. கேட்டிருக்கும்.