தலைக்குத் தலை

“மூணு பெட்டியையும் சேர்த்து இன்ஜின் இழுக்காதும்மா. முன்னாடி ரெண்டை மேல கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறமா வந்து கடைசிப் பெட்டியை எடுப்போம்.”

“திரும்பி வர எவ்வளவு நேரமாகும்?”

“ரெண்டு மணி நேரம். அதுவும் இவன் மனசு வச்சா.”

கார்டு இன்ஜினைக் காட்டினார். அந்தக் குட்டி டீசல் இன்ஜினுக்கு இருமல்காரன் என்று பேர். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஏற்றத்தில் நின்றது. ஓட்டுநர் கடைசிப் பெட்டியின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டவள் கடைசிப் பெட்டிக்காரி. மணி மூன்றாகப் பத்து நிமிடம். உச்சிக்கு இன்னும் முக்கால் மணி நேரப் பயணம். அங்கிருந்து நான்கு மணிப் பேருந்தில் அவளுடைய கணவன் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டிவிடுவான். காலையில் மகள் யாருடைய போனிலிருந்தோ ரகசியமாகக் கூப்பிட்டாள். நீ வரமாட்டேன்னு அப்பா சொல்றாரு என்றாள். வந்துவிடுவேன் என்று இவள் சத்தியம் செய்திருந்தாள்.

நின்றுகொண்டாவது வருகிறேன் என்று கெஞ்சினாள். கார்டு ஏற்கெனவே தலைகளை எண்ணிவிட்டார். போன வாரம் இரக்கப்பட்டு இரண்டு பேரைக் கூடுதலாக ஏற்றப் போய், வண்டி பாதி வழியில் பின்னால் சறுக்கியதாம்.

“ஒரு தலை ஏறணும்னா ஒரு தலை எறங்கணும். யாரையாவது கேட்டுப் பாரும்மா.”

மழையில் நனைந்தபடி முன் பெட்டிகளில் ஜன்னல் ஜன்னலாகக் கேட்டாள். ஒருவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நாங்க மட்டும் காத்து வாங்கவா போறோம் என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் திடீரென்று தூங்கிப்போனார்கள்.

மிச்சம் ஒரே ஜன்னல். அது அவளுடைய இடம். இப்போது அங்கே ஒரு தச்சர், தொடைவரை மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அடிவாரத்தில், கடைசிப் பெட்டியின் ஒடுக்கமான இருக்கையில் கால் நீட்ட வழியில்லாமல் அவர் தவித்ததைப் பார்த்து, இவள்தான் வலியக் கூப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டாள். நீ நல்லா இருப்பே தங்கச்சி என்று வாய் ஓயாமல் சொன்னார்.

எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்டு விசிலை வாயில் வைத்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எறங்கிடுறீங்களா?”