கண்ணாடியில் ஒரு நாமம்

மேடை ஏறினால் அபிதா ஒன்றைத்தான் பேசுவாள்: வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மதிப்பு வேண்டும். எம்.எல்.ஏ. அனில்குமாரின் மனைவி என்பதால் கூட்டமும் கைதட்டும்.

கட்சிக் கிளைச் செயலாளர் ஸ்ரீஜித்தின் மனைவி அஞ்சு, அடி தாங்காமல் அபிதாவின் வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள். தேர்தல் நெருங்கியது.

“இனி அடிக்க மாட்டேன்னு தாங்கல்ல வச்சு அவங்கிட்ட சத்தியம் வாங்கி, அவங்கூட அனுப்பிரு. அவனப் பகைச்சா ஓட்டு போவும்” என்றார் அனில்குமார். அபிதாவும் அரைமனதாக அஞ்சுவை அழைத்துக்கொண்டு அவரோடு காரில் கொட்டாரம் ஊர்த் தாங்கலுக்கு வந்தாள். அவர் காரிலேயே இருந்துகொண்டார்.

அய்யா வழிக்காரர்கள் கும்பிடும் இடமான தாங்கலில் சிலை கிடையாது. விளக்கும் நிலைக்கண்ணாடியும்தான். அதில் நமக்குள்ளே இருக்கிற அய்யாவைக் கண்டு கும்பிட வேண்டும்.

உச்சிவேளை வழிபாடான பணிவிடை முடிந்து, பணிவிடைக்காரர் முத்துநாயகம் ஒவ்வொரு நெற்றியிலும் வெள்ளை நாமம் இட்டு வந்தார். அபிதாவுக்கு இட்டார். அருகே நின்ற அஞ்சுவைத் தாண்டிப் போனார்.

“அண்ணே, இந்தப் பிள்ளைக்கு?”

“எந்தப் பிள்ளைக்கு மக்கா?”

அவர் விளையாடவில்லை. அஞ்சு நின்ற இடத்தைத்தான் பார்த்தார். அவர் பார்வை அவளைக் கடந்து சுவரில் போய் நின்றது.

அஞ்சு சிரித்தாள். “விடுங்கக்கா. அந்த வீட்டுலயும் இப்பிடித்தான். எல்லாருக்கும் எல போடுவாவ, எனக்கு மறந்துரும். வேணும்னே செய்யாவன்னு நெனச்சேன். பொறவு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாவ. அடிக்கும்ப மட்டுந்தான் நான் அவருக்குத் தெரிவேன்.”

அபிதா கண்ணாடியைப் பார்த்தாள். விளக்குச் சுடர் அசையவில்லை. கண்ணாடியில் அவள் மட்டுமே நின்றாள். அஞ்சுவின் குளிர்ந்த விரல்கள் அவள் கைக்குள் இருந்தன. கண்ணாடியிலோ அந்தக் கை வெறுங்காற்றைப் பிடித்திருந்தது.

இன்று திருப்பி அனுப்பினால் இவள் மிஞ்ச மாட்டாள். அபிதாவுக்கு அது தெரிந்துவிட்டது. இத்தனை மேடைப் பேச்சும் இந்த ஒரு நெற்றியை எட்டவில்லையே!

“அய்யா பொறுக்கணும்” என்று முணுமுணுத்து, கிண்ணத்தில் விரல் தொட்டு, தானே அந்த நெற்றியில் நாமம் இட்டாள்.

கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை நாமம் மட்டும், எரியாத சுடர்போல, அந்தரத்தில் நின்றது.

“அஞ்சு” என்று அழைத்தாள்.

நாமத்தைச் சுற்றி ஒரு நெற்றி தெளிந்தது. பிறகு புருவம், அழுகிற கண்கள்.

“இந்தப் பிள்ளை எப்பம் வந்துது?” என்று திகைத்தார் முத்துநாயகம்.

அஞ்சுவை அழைத்துப்போக வந்த ஸ்ரீஜித், தாங்கலுக்குள் நுழையத் தலைப்பாகை கட்டியபடி வாசலில் நின்றான். அஞ்சு அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“எங்கக்கா அவ? கூட்டிட்டு வாறேன்னியளே?”

“முன்னால நிக்கவளத் தெரியலியா?”

அவன் கண்கள் அங்குமிங்கும் தேடின.

“தெரியுத அன்னைக்கு வா தம்பி. அதுவரைக்கும் அவ எனக்க வீட்டுல இருப்பா.”

காரிலிருந்த அனில்குமாருக்கு எல்லாம் கேட்டது. கோபமாக வெளியே பார்த்தார். மனைவி யாரையோ அணைத்திருப்பதுபோல் கையை வளைத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி பார்த்தார். இம்முறை நிதானமாக, ஒரு தகப்பன் பார்ப்பதுபோல.

வெயிலில் ஒரு வெள்ளை நாமம் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஒரு பெண் பிள்ளையின் முகம்.

அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

“ஏறு மக்கா” என்றார்.