கிளாடிஸ் டீச்சரின் வலது கண்

மந்தைவெளி கிளாடிஸ் டீச்சரின் வலது கண், பெரும்பாக்கத்தில் இருக்கும் தங்கை ஜூலியட் பார்ப்பதையெல்லாம் பார்த்தது. இடது கண் வழக்கம்போல் எதிரே இருப்பதைப் பார்த்தது. குளியலறை அடைப்புக்கு ஊற்றிய ஆசிட் தெறித்து இரண்டு கண்ணும் வெந்ததில் இடது ஒருவாறு பிழைத்துக்கொண்டது. வலதுக்கு, உடன்பிறந்தவர் யாராவது கண்ணோரத்திலிருந்து துளி ஸ்டெம் செல் கொடுத்தால் கருவிழியின் மேல்தோல் புதிதாக வளரும் என்றார் டாக்டர். ஜூலியட் வந்து கொடுத்தாள். கட்டைப் பிரித்த அன்று வலது கண்ணுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி இல்லை, எட்டாவது மாடி வீடொன்றில் ஒரு ஸ்டவ்வும் அதில் கொதிக்கும் குழம்பும். டாக்டரிடம் சொன்னதற்கு, பார்வை நன்றாகத் தெளிந்திருக்கிறது என்றார்.

டீச்சர் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜூலியட் அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்த பெயின்டர் ரகுபதியோடு சர்ச்சில் கல்யாணம்கூட இல்லாமல் போனபோது, அவள் வடக்கே ஒரு மடத்தில் கன்னியாஸ்திரீயாகச் சேர்ந்துவிட்டதாகக் குடும்பம் சொல்லிவிட்டது. அதிலிருந்து ஆண்டுதோறும், துறவறம் போனவர்களுக்காக வேண்டும் இறையழைத்தல் ஞாயிறன்று, சர்ச்சைச் சேர்ந்த பங்கு மக்கள் அத்தனை பேரும் சேர்ந்து பங்கே முழந்தாளிட்டு சிஸ்டர் ஜூலியட்டுக்காக வேண்டிக்கொண்டது. ஆற்றங்கரை வீடுகளை இடித்து அவர்களை லாரியில் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிய வருடமும் வேண்டிக்கொண்டது. கண்ணுக்கான நன்றிகூட, கண்நோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனித லூசியாவுக்குத்தான் போனது. டீச்சர் வெள்ளியில் கண் செய்து காணிக்கை போட்டு, நன்றித் திருப்பலி வைத்து, பங்கு மண்டபத்தில் பிரியாணி விருந்து கொடுத்தார்.

யாரும் கூப்பிடாமல் ஜூலியட் வந்தாள். நெற்றியில் பொட்டு, கைப்பையில் இரண்டு ஆப்பிள். "கண்ணு எப்டி கீதுக்கா?" என்றாள். பக்கத்தில் இருந்த பங்குத் தோழி ஈவ்லின், யாரென்று கேட்டார்.

"முன்னாடி எங்க வீட்ல வேலை செஞ்சவங்க," என்றார் டீச்சர்.

சொன்ன வாயை வலது கண் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டுப்புடவை, பவுடர், கூசாமல் பொய் சொல்லும் ஒரு கிழட்டு முகம். ஜூலியட் பார்வையை எடுக்கவில்லை. டீச்சர் இமையை மூடிப் பார்த்தார், கைக்குட்டையால் பொத்திப் பார்த்தார், முகம் போகவில்லை. பிறகு அது கலங்கியது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரமில்லை, அழுதது தங்கை. வாழ்நாளில் எந்த அவமானமும் டீச்சரை அப்படிச் சுட்டதில்லை.

"பொய் சொல்லிட்டேன். இவ என் தங்கச்சி ஜூலியட். எந்த மடத்துக்கும் போகல. எனக்குக் கண்ணு குடுத்தது இவதான்," என்று மண்டபமே கேட்கச் சொன்னார். ஃபாதர் கடித்த எலும்பைக் கீழே வைத்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நாங்க யாருக்கு ஜெபம் பண்ணோம்?" என்றார் ஈவ்லின்.

"எனக்குத்தாங்க பண்ணீங்க," என்றாள் ஜூலியட். "நானும் உயிரோடதான கீறேன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூலியட் மந்தைவெளிக்குச் சாப்பிட வருகிறாள். கண் விஷயம் அவளுக்கும் தெரியும், பங்குக்கும் தெரியும். பேசிப் பேசி அலுத்து விட்டுவிட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் டீச்சரின் இடது கண்ணில் தங்கை முகமும் வலது கண்ணில் தன் முகமும் தெரியும். அதைக் காணச் சகிக்காமல் அவர் தலைகுனிவார். உடனே ஜூலியட் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவாள். அக்கா நிமிர்ந்து சாப்பிடுவார்.