நான்காம் நாள் புழுக்கை

அப்பாவின் சவப்பெட்டியைக் கூடத்தில் இறக்கித் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றியபோதுகூட மோனிக்கா வாசலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஹபீப் முகம்மது வந்துவிடுவாரோ என்று பயந்தாள். விடியற்காலையில் ஆட்டுக் கொட்டகையில் அப்பா விழுந்து கிடந்ததைக் கண்டவர் அவர்தான். வந்தால் தம்பி கெல்வினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா மைக்கேல், பாகான் டாலாம் வீட்டுக்குப் பின்னால் ஆறு ஆடுகள் வளர்த்தார். கால்நடைத் தீனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் மோனிக்காவுக்கு வேறென்ன வேண்டும்? தீனிச் சோதனையை அந்த ஆடுகளிடமே வைத்துக்கொண்டாள். புல்லில் லிக்னின் என்றொரு பொருள் உண்டு. ஆட்டுக்கு அது செரிக்காது. போன அளவே வெளியே வந்துவிடும். தீனியில் அது எத்தனை பங்கு, புழுக்கையில் எத்தனை பங்கு என்று பார்த்தால், மற்றதில் எவ்வளவு செரித்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரே நிபந்தனை, அவள் அனுப்பும் பிண்ணாக்கையும் அப்பா வெட்டிப்போடும் புல்லையும் தவிர ஆடுகள் வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது.

நான்காம் நாள் புழுக்கையில் லிக்னின் எகிறியிருந்தது. முற்றிய தழையைத் தின்றாலொழிய அப்படி வராது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே போன் செய்தாள்.

“மேய விட்டீங்களாப்பா?”

“இல்லம்மா.”

“பொய் சொல்லாதீங்க. லேப்ல எல்லாம் தெரிஞ்சிடும்லா. இப்ப முதல்லேருந்து செய்யணும்.”

அப்பா, “சரிம்மா, செஞ்சிடலாம்,” என்றார்.

இன்று காலை போன் செய்த ஹபீப் அன்று நடந்ததைச் சொன்னார்.

“அன்னிக்கு உங்க போன் வர்றதுக்கு முன்னாடியே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு தங்கச்சி. புல்லு வெட்ட முடியல. ஆடுங்க கத்துச்சேன்னு நான்தான் அவுத்து விட்டேன். உங்ககிட்ட சொல்ல வேணான்னுட்டாரு. அப்புறம் நீங்க ஏதோ கேட்டீங்களாம், மறுபடியும் பாராங் கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

அப்பாவுக்கு முடியவில்லை என்று அந்த லிக்னின் எண் அவளிடம் நேராகவே சொல்லியிருந்தது. படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு அது புரியவில்லை.

ஹபீப் வந்தேவிட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பெட்டியருகே நின்றார். ஆயர் ஈத்தாமிலிருந்து ஓடிவந்திருந்த கெல்வின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“முன்னாடியே ஏதாச்சும் சொன்னாரா அண்ணே? வலிக்குது, முடியல, அப்படி?”

ஹபீப் மோனிக்காவை ஒருமுறை பார்த்தார்.

“இல்ல தம்பி. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு.”

கெல்வின் முகத்தைத் துடைத்தான். “அப்ப யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுலா,” என்றான். தப்பித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இனி வாழ்நாள் முழுக்க ஹபீப் வீட்டைக் கடந்துதான் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்தபோது பயம் இன்னும் கூடியது.

கொட்டகையில் ஆடுகள் கத்தின.

“காலையிலேருந்து பட்டினி. அவுத்து விடவாக்கா? உன் டெஸ்ட் கெட்டுடுமா?”

“கெடாது. விடு.”

அவன் பின்கட்டு வரை போய்விட்டான்.

“கெல்வின்!”

“என்னக்கா?”

உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். “அந்தக் கறுப்புக் கிடா முட்டும். பாத்துப் போ.”

அவன் தலையாட்டிவிட்டுப் படலைத் திறந்தான். ஆறும் முண்டியடித்துக்கொண்டு வேலியோரத் தழைக்கு ஓடின.