இயந்திரத்துக்கு மட்டும் நல்ல காற்று

கறுப்பு நிறத்துக்கு ஈவு இரக்கம் கிடையாது. வெள்ளை வண்டியில் செய்த தப்பை வெள்ளையே மூடி மறைத்துவிடும். கறுப்பு வண்டி ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். அந்தக் கறுப்பு வண்டியின் பானெட்டில், சரியாக நடுவில், விரல் நீளத்துக்குப் பெயின்ட் வழிசல் ஒன்று இறங்கியிருந்தது. காலையில் கொட்டகைக் கதவைத் திறந்த பெயின்டர் முதலில் பார்த்தது அதைத்தான். நேற்று அடிக்கும்போதே மனதில் உறுத்திய இடம் அது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தான்.

பட்டறையில் அவனுக்குக் "கண்ணாடி" என்று பெயர். அவன் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று எவனோ ஒருவன் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. அவனும் அந்தப் பெயரைப் பட்டம் மாதிரி தூக்கிச் சுமந்தான். அப்பேர்ப்பட்ட கண்ணாடி, ஒரே பானெட்டை மறுபடி மறுபடி தேய்த்து அடித்துக்கொண்டிருக்கிறான் என்றால் பட்டறை சும்மா இருக்குமா? வாயை மூடிக்கொண்டு சிரிப்பதில் பட்டறைக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. வந்து பானெட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"என்னப்பா கண்ணாடி, மறுபடியும் வழிஞ்சிருக்கா?"

"மிஷின்ல ஏதோ கோளாறு மொதலாளி. இன்னைக்கு சரி பண்ணிடறேன்."

"சனிக்கிழமை வண்டி வெளிய போகணும். முடியாட்டி சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்."

"முடியாமலா? எனக்கா?" என்று சிரித்தான் கண்ணாடி. சிரிப்பு தொண்டையைத் தாண்டுவதற்குள் இருமல் முந்திக்கொண்டது. அவசரமாகக் கொட்டகைக்குப் பின்னால் போய், சுவரில் கை ஊன்றி, கண்ணில் நீர் வரும் வரை இருமிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்தான்.

அந்த இருமலுக்கு அவன் "காஸ்" என்று பெயர் வைத்திருந்தான். இரவில் படுக்க முடியாமல் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே தூங்குவதும் காஸ்தான். மாடிப்படி ஏறினால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதும் காஸ்தான். மனைவி டாக்டரிடம் போகலாம் என்று சொன்னபோதெல்லாம் சாப்பாட்டில் புளிப்பைக் குறைக்கச் சொன்னான். அவள் குறைத்தாள். இருமல் குறையவில்லை.

கோளாறு இயந்திரத்தில் என்று அவன் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. இயந்திரம் புதுசு. பழைய கம்ப்ரெசர் பீறிட்டு அடித்து, பாதிப் பெயின்ட்டைப் புகையாகக் காற்றில் விடும். இந்த டர்பைன் அப்படியில்லை. உள்ளே அடுக்கடுக்காகச் சுழலும் விசிறிகள் காற்றை இழுத்து, கை தடிமன் குழாய் வழியாக மெத்தென்று கையிலிருக்கும் ஸ்ப்ரே கன்னுக்கு அனுப்பும். பெயின்ட் தகட்டில் போய் உட்காரும், பறப்பது கொஞ்சம்தான்.

கடையில் அவன் அதைத் தேர்ந்தெடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போனவன்கூட அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டான். மூன்று விசிறி போதுமா, நான்கு வேண்டுமா? பளபளப்புக்காக மேலே அடிக்கும் கிளியர் கெட்டியாயிற்றே, சின்ன மோட்டார் அதைப் பொடியாக உடைக்குமா? கன்னின் ஊசி எத்தனை அளவில் வரும்? கடைக்காரப் பெண் பொறுமையாகப் பதில் சொல்லி, நான்கு விசிறி உள்ளதை எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு முகக்கவசத்தையும் வைத்தாள். முகம் முழுக்க மூடும். தனிக் குழாய் வழியாக வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும்.

"இதையும் சேத்து எடுத்துக்கங்கண்ணே. கிளியர் இறுகறதுக்கு ஹார்ட்னர் கலந்து அடிக்கறீங்க, இது இல்லாம அடிக்கக் கூடாது."

"நான் என்ன கடல்ல முத்துக் குளிக்கவா போறேன்?" என்றான் கண்ணாடி. கூடப் போயிருந்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவியின் தம்பி அவன். கண்ணாடியிடமே தொழில் கற்று அவன் பக்கத்திலேயே நிற்பவன். மாமா எள் என்றால் எண்ணெயாக நிற்பான். இதில்தான் புகையே வராதே, பிறகு எதற்கு முகமூடி என்பது கண்ணாடியின் கணக்கு. ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாதா? கண்ணுக்குத் தெரியாததை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

கவசம் கடையிலேயே தங்கிவிட்டது.

ஆனால் இயந்திரத்தின் விஷயத்தில் அவன் எந்தக் குறையும் வைக்கவில்லை. பெயின்ட் தூவல் போய் அதன் ஃபில்டரை அடைத்துவிட்டால் மோட்டார் சூடாகும், காற்று குறையும் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். அதனால் டர்பைனைக் கொட்டகைக்கு வெளியே, வேப்பமர நிழலில், மேடை போட்டு வைத்தான். சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் உள்ளே விட்டான். தூசி படியாமல் இருக்கக் கொட்டகையின் சன்னல்களை இறுக மூடினான். தினமும் வேலை முடிந்ததும் ஃபில்டரைக் கழுவி, உதறி, நிழலில் காயவைத்தான்.

அன்று அவன் ஒவ்வொன்றாகத் தேடினான். டர்பைன் காற்று சூடாக வரும். கிளியர் அவசரப்பட்டுக் காயாமல் இருக்க மெதுவாக ஆவியாகும் தின்னராகப் பார்த்து மாற்றிக் கலந்தான். கெட்டித்தன்மையை அளக்க, அடியில் ஓட்டையுள்ள கிண்ணத்தில் ஊற்றி, எத்தனை எண்ணுவதற்குள் ஒழுகி முடிகிறது என்று பார்த்தான். சரியாக இருந்தது. ஊசியைக் கழற்றித் துடைத்து, ஒரு அளவு சின்னதாக மாற்றினான். பெயின்ட் வரும் திருகைக் கால் சுற்று மூடினான். தூவல் அகலத்தைக் கூட்டினான், குறைத்தான். மூலையில் கிடந்த பழைய கதவில் அடித்துப் பார்த்தான். தண்ணீர் தெளித்த மாதிரி சீராக விழுந்தது. அவனுக்கு உயிர் வந்தது.

பானெட்டைத் தேய்த்துத் துடைத்து, ஒரு சாண் தூரத்தில் கன்னைப் பிடித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தான். பாதியில் நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது. ஒரு கணம்தான். நடுவில் கிளியர் திரண்டு, மெதுவாக, அவன் கண் முன்னாலேயே கீழே இறங்கியது.

கண்ணாடி கன்னைத் தொங்கவிட்டான்.

"மச்சான்! இங்க வா. இந்த மிஷின் என் உயிரை எடுக்குது. நீ ஒரு தடவை அடிச்சுக் காட்டு."

மச்சான் தயங்கித் தயங்கிக் கன்னை வாங்கினான். எந்தத் திருகையும் தொடவில்லை. வண்டியின் காய்ந்திருந்த கூரைத் தகட்டில் ஒரே இழுப்பாக இழுத்தான். கூரையில் சன்னல் வெளிச்சம் ஒரு கோடு பிசகாமல் தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு மாமா."

"அப்ப என் கை கெட்டுப் போச்சுங்கறியா?"

"கை இல்ல மாமா." மச்சான் தரையைப் பார்த்துச் சொன்னான். "பாதியில மூச்சு நிக்குது. மூச்சு நிக்கறப்ப கையும் நிக்குது. நின்ன இடத்துல வழியுது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

உண்மையைச் சொன்னவன் மேல்தான் நமக்கெல்லாம் முதலில் கோபம் வரும். கண்ணாடிக்கும் வந்தது. எங்கிட்டக் கத்துக்கிட்டு எனக்கே சொல்லித் தர்றியா என்று கத்தி, அவனை வெளியே தள்ளி, கதவை உள்ளே தாழிட்டான். இந்தக் கன்னைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் பிடிக்கத் தெரியாது. இது போனால் தான் யார்? வீட்டில் எந்த முகத்தோடு உட்காருவது? மூச்சை அடக்கிக்கொண்டு அடித்துவிட்டால் போயிற்று என்று முடிவு செய்தான். மூச்சுக்காகத் தவிக்கிறவன் மூச்சை அடக்கப் பார்த்தான் என்றால் அவன் நிலைமையை என்னவென்று சொல்வது!

பக்கத்துக் கடையில் வண்டிகளுக்கு இருக்கை உறை தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவியிடம் தம்பி ஓடிவந்து சொன்னான். அவள் தையலை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். மரத்தடியில் டர்பைன் ஒரே சீராக ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கூப்பிட்டாள், பதில் இல்லை. தம்பி தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தான்.

கண்ணாடி தரையில் மண்டியிட்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கன்னை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். சரியும்போதுகூட ஈரப் பெயின்ட்டின் மேல் சாய்ந்துவிடாமல் எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கிறான் பாவி மனுஷன்.

மருத்துவமனையில் முகத்தில் காற்றுக் குழாயோடு கண் விழித்தான். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசினார்.

"கிளியர்ல கலக்கற ஹார்ட்னர் உங்க நெஞ்சுக்குப் பகையாயிடுச்சு. இனிமே அது துளி பட்டாலும் மூச்சுக்குழாய் இறுகிடும். அடுத்த தடவை இங்க உயிரோட வந்து சேருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பெயின்ட் வேலை இனிமே கிடையாது."

"அந்த வெளிக்காத்து மாஸ்க் போட்டுக்கிட்டு அடிச்சா..."

"ஆரம்பத்துலயே போட்டிருந்தா இங்க வந்திருக்க மாட்டீங்க. உங்களுக்கு இனி அதுவும் வேண்டாம்."

அவர் போனதும் மனைவி அழுகையும் ஆத்திரமுமாக வெடித்தாள்.

"அந்த மிஷினுக்கு மூச்சு முட்டிடக் கூடாதுன்னு மரத்தடியில மேடை போட்டு உக்கார வெச்சீங்க. அதுக்கு ஆகாதுன்னு ஒதுக்கின காத்தத்தானே நீங்க உள்ள நின்னு குடிச்சீங்க? அதுக்கு இருக்கற மரியாதை உங்க நெஞ்சுக்கு இல்லையா?"

"அது புதுசும்மா. கெட்டுப் போயிட்டா..."

"அப்ப நீங்க பழசா? எங்கிட்டக்கூடப் பொய் சொல்லி என்னத்தக் காப்பாத்துனீங்க?"

கண்ணாடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நெஞ்சு வலியைவிட இது அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, பட்டறை வழியாகத்தான் வண்டி போக வேண்டியிருந்தது. தூரத்திலேயே டர்பைன் சத்தம் கேட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று இறங்கினான். மனைவி தோளைப் பிடித்துக்கொள்ள, மெதுவாக நடந்தான். மூடிய கொட்டகைச் சன்னல் கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. கறுப்பு வண்டி. பக்கத்தில் மச்சான். மூக்கில் ஈரக் கைக்குட்டை. நிற்கும் விதம், மணிக்கட்டை வளைக்கும் விதம், எல்லாம் அப்படியே தன்னைப் போல.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. உள்ளே போகவும் முடியாது. மரத்தடிக்குப் போய், தன் கையால் டர்பைனின் சுவிட்சை அணைத்தான். ரீங்காரம் நின்றது. மச்சான் கைக்குட்டையோடு வெளியே ஓடிவந்தான். பின்னாலேயே முதலாளியும் வந்தார்.

"என்னப்பா இது! பாதியில நிறுத்தினா பானெட் கெட்டுப் போயிடுமே!"

"கெட்டுப் போகட்டும்ங்க."

கண்ணாடியின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை. மற்றவர்களும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"நான் உன்னை ஒருநாளும் கட்டாயப்படுத்தலையே," என்றார் முதலாளி, குரலைத் தணித்து. "முடியாட்டி சொல்லுன்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க. சொன்னா என் எடத்துல வேற ஆள் நிப்பான்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

முதலாளி வேறு பக்கம் பார்த்தார். மச்சான் மூக்கில் இருந்த துணியைத் தொட்டுக் காட்டினான்.

"துணி கட்டியிருக்கேனே மாமா."

"அது தூசிக்குடா. விஷத்துக்கு இல்ல." நான்கு வார்த்தைக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு ஒண்ணும் பண்ணலையே? நெசத்தச் சொல்லு."

மச்சான் அக்காவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"கொஞ்ச நாளாவே காலையில நெஞ்சு இறுக்கமாத்தான் இருக்கு மாமா. சொன்னா, 'இதுகூட முடியாதா, நீயெல்லாம் ஒரு பெயின்டரா'ன்னு கேப்பீங்களேன்னுதான்..."

அக்காக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கண்ணாடி மேடையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தான். கேட்டிருப்பான், நிச்சயமாக அப்படித்தான் கேட்டிருப்பான். அது அவனுக்கே தெரிந்தது. மச்சானைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் முகத்திலிருந்த கைக்குட்டையைத் தானே அவிழ்த்தான்.

"இப்பவே அக்காவோட டாக்டர்கிட்டப் போ. மொதலாளி, வெளிக்காத்து மாஸ்க் வந்து சேர்ற வரைக்கும் இந்த மிஷின் ஓடாது. வண்டிக்காரர் கோவிச்சா எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்."

முதலாளி மெதுவாகத் தலையாட்டினார். சுற்றி நின்றவர்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கண்ணாடி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். மூச்சைத் திரட்டிக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒடம்பு சொல்றதை மறைக்கறது வீரம் இல்லப்பா. மறைச்சா நோயும் போகாது, வேலையும் நிலைக்காது. அடுத்தவனையும் மறைக்கப் பழக்கிடுவோம், நான் இவனைப் பழக்கின மாதிரி. 'முடியல'ன்னு சொல்ல வெக்கப்பட்டேன். இப்ப நெசமாவே முடியாமப் போச்சு. நீங்க வெக்கப்படாதீங்க."