கொக்குப் படத்தின் ஓரம்

பழைய அச்சுப் படங்களால் சுவரை நிரப்புவது என் பைத்தியம். கால் கடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, ஒருவழியாக ஒரு கொக்குப் படத்தைப் பிடித்தேன். செப்புத் தகட்டில் அச்சடித்த படம். ஓரத்தில் தகடு அழுந்திய தடம் இருந்தால்தான் அது அசல் என்று நம்புவார்கள்.

இன்று வேலை முடிந்து வந்தால், படம் சட்டத்துக்குள் கச்சிதமாக இருந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அக்கா, பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சட்டத்துல அடங்கலடா. ஓரமெல்லாம் ஒரே பழுப்பு, வெட்டிட்டேன்."

"அந்த ஓரத்துக்குத்தான்க்கா நாயா அலைஞ்சேன். வெட்டின துண்டு எங்க?"

"குப்பை வண்டியில போயிடுச்சு. கொக்கு முழுசாத்தானே இருக்கு? மூக்கைக்கூட நான் தொடல."

கத்த வேண்டும்போல இருந்தது. தெம்பில்லை.

"இனிமே இதை எவனும் அசல்னு நம்ப மாட்டான்."

"விக்கப் போறியா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதிர்ல மாட்டு. ஓஞ்சுபோய் வந்து உக்காந்தா, பாக்க ஏதாவது வேணும்ல."

ஆணி அடித்து மாட்டினேன். கொக்கு கொஞ்சம் நெருக்கடியில்தான் நின்றது. நானும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.