மீசை வைத்த மிஸ்

டமார் என்று அடித்துச் சாத்திக்கொண்டது அந்த மழலையர் பள்ளியின் இரும்பு கேட். அதே காற்றில், உள்ளே நுழையப்போன இளம்பெண்ணின் கையிலிருந்த கட்டு அவிழ்ந்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக டிஷ்யூ பேப்பர் தெரு முழுக்கப் பறந்தது.

"ஐயையோ! பிடிங்க சார், பிடிங்க!"

மகளோடு பின்னால் வந்த பஞ்சர் கடைக்காரர் பிடிக்காமல் இருப்பாரா? இந்தப் பள்ளியின் டீச்சர் போலிருக்கிறது, நல்ல பெயர் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா என்று, மகளின் பிஞ்சுக் கையை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார்.

நல்ல பெயர் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. மகளுக்கு இடம் கேட்டு அவர் படியேறும் மூன்றாவது பள்ளி இது. முதல் பள்ளியில், "படிக்கப்போறது அவளா, நானா? என்னை ஏன் இவ்வளவு கேள்வி கேக்கறீங்க?" என்று கேட்டு வந்த வழியே திரும்பினார். இரண்டாவதில், தலைமை ஆசிரியையின் கார் டயர் மொட்டையாகிவிட்டது என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவர்களும் மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள்.

நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி விரலை ஆட்டி எச்சரித்திருந்தாள்.

"இதை விட்டா வேற ஸ்கூல் கிடையாது. இங்கயும் ஒரே ஒரு சீட்தான் பாக்கியாம். எதிர்க்கேள்வி கேக்காதீங்க. என்ன சொன்னாலும் சரின்னு செஞ்சிட்டு வாங்க. இல்லேன்னா வீட்டுக்கே வராதீங்க!"

கை நிறையத் தாள்களோடு அவர் திரும்பியபோது, கேட்டருகே ஆயா நின்றிருந்தாள்.

"வந்தாச்சா? உள்ள பிள்ளைங்க கூரையைப் பிச்சிட்டு இருக்குதுங்க. வாங்க, வாங்க!"

"ஏம்மா, நான் எதுக்கு..." என்று ஆரம்பித்தவருக்கு மனைவியின் விரல் ஞாபகம் வந்தது. "சரிங்க" என்றார்.

ஆயா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "நீங்க குழந்தையோட ஆபீஸ் ரூமுக்குப் போங்க. மேடம் காத்துட்டிருக்காங்க."

அவருக்குப் பாதி புரிந்தது. பிள்ளைக்குத் தனி இன்டர்வியூ, அப்பனுக்குத் தனி இன்டர்வியூ! இந்தக் காலத்தில் என்னவெல்லாம் வைக்கிறார்கள்!

பெரிய அறைக்குள் அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள் ஆயா. எதிரே தரையெல்லாம் பொடிசுகள். ஒரு வாண்டு அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"மிஸ், உங்களுக்கு ஏன் மீசை இருக்கு?"

"நான் மிஸ் இல்லடா கண்ணா."

"பேப்பர் கொண்டு வந்தா மிஸ்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி. "மீசை மிஸ், பூ பண்ணலாம்!"

பூவா? என் மகளின் சீட்டுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்? பொறுமையைச் சோதிக்கிறார்களா? எங்கேயாவது கேமரா வைத்துப் பார்க்கிறார்களா? கூரையைத் துழாவினார். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதைப் பார்த்து ஒரு புன்னகை பூத்துவைத்தார்.

"எப்படிப் பண்றது?" என்று சடைக்காரியிடமே சரணடைந்தார்.

"மிஸ்ஸுக்கே தெரியாதா? பேப்பரை அடுக்கி விசிறி மாதிரி மடிக்கணும். நடுவுல நூல் கட்டணும். அப்புறம் ஒண்ணொண்ணா மேல இழுத்து விடணும். எங்கக்கா பண்ணுவா."

மடித்தார். கட்டினார். இழுத்தார். லாரி டயரைக் கழற்றிப் பழகிய கை அல்லவா? முதல் இழுப்பிலேயே இதழ் கையோடு வந்துவிட்டது.

"பூ செத்துப்போச்சு!" என்று உதட்டைப் பிதுக்கினான் ஒரு பையன்.

"சாகலடா, பஞ்சர்!"

பழக்க தோஷத்தில் கிழிசலைச் சுற்றிப் பசை தடவி, ஊதி, ஒட்டுப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். ஈரம் பட்டதும் தாளின் சிவப்பு அத்தனையும் விரலுக்கு வந்தது. விரலிலிருந்து வெள்ளைச் சட்டைக்குப் போனது. அடுத்த பூவில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. நோட்டு எண்ணுகிறவர் மாதிரி விரலை நாக்கில் வைத்துவைத்துப் பிரித்தார்.

"மீசை மிஸ் நாக்கு பச்சை!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு தாளை எடுத்து நக்க ஆரம்பித்தது கூட்டம். ஊதா நாக்கு, மஞ்சள் நாக்கு, நீல நாக்கு.

"ஐயோ, துப்புங்கடா! துப்புங்க!"

சத்தம் கேட்டு ஆயா எட்டிப் பார்த்தாள். பஞ்சர் கடைக்காரர் பச்சை நாக்கை வாய்க்குள் இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, பாப்பா..."

"ஆபீஸ் ரூம்ல இன்டர்வியூ நடக்குது. நீங்க உங்க வேலையைப் பாருங்க." ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த கோணல் பூக்களை அவள் நோட்டம் விட்டாள். "பரவால்லையே! அடுத்த வாரமும் நீங்கதானே வருவீங்க?"

கதவு மூடிக்கொண்டது. அடுத்த வாரமுமா? அப்படியென்றால் இன்றைக்கு ஃபெயிலா? பரவாயில்லை என்கிறாள், திரும்பவும் வரச் சொல்கிறாள். வீட்டில் போய் என்னவென்று சொல்வது? சீட்டு என்னாயிற்று என்று கேட்டால், பூ வந்தது என்றா?

"மீசை மிஸ் அழறாங்க" என்றது வாண்டு.

"அழலடா. வேர்க்குது."

சடைக்காரி ஒரு மஞ்சள் தாளை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். நெற்றியும் மஞ்சளானது.

அப்போது கதவு திறந்தது. கேட்டில் பார்த்த அதே இளம்பெண், முகமெல்லாம் குழப்பத்தோடு நின்றாள். அவள் இடுப்பில் மகள் சொகுசாக உட்கார்ந்திருந்தாள். பஞ்சர் கடைக்காரர் பதறி எழுந்தார்.

"டீச்சர்! பொண்ணு ஒழுங்காப் பேசினாளா? சீட்டு கிடைக்குமா? நான் இன்னும் ரெண்டு பூ வேணும்னாலும் பண்றேன் டீச்சர்!"

அவள் பூக்களைப் பார்த்தாள். கலர் கலரான நாக்குகளைப் பார்த்தாள். கடைசியில் மஞ்சள் நெற்றியும் சிவப்புச் சட்டையுமாக நின்றவரைப் பார்த்தாள்.

"நான் டீச்சர் இல்ல சார், இவங்களுக்குப் பேப்பர் பூ சொல்லிக் குடுக்க வந்தவ! அந்த மேடம் என்னை வாயே திறக்க விடாம உங்க பொண்ணுக்கு சீட்டைக் குடுத்துட்டு, 'வீட்டுக்காரரை ஏன் கூட்டிட்டு வரலை'ன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க... நமக்கு எப்ப சார் கல்யாணம் ஆச்சு?"